சா.பொ. 1

கூண்டுக்குக் கீழே என் மேசை.
காகிதம் பறக்காமலிருக்க
ஸ்டேப்ளரும் ஒரு டிபன் பாக்ஸ் மூடியும்.
வெளியே பாரிமுனை ஹாரன்களில் கொதிக்கிறது.
நாளை கத்திரி பிறக்கிறது.

சாட்சி, போலம்மா, க/பெ. அப்பாராவு.
துணி உறையின் அரக்கை உடைத்துக்
காவலர் எடுத்து நீட்ட,
கையை இழுத்துக்கொள்கிறாள்.
"கைக்குக் கை தராத நைனா, சண்டை வரும்.
கீழ வை, எடுத்துக்கிறேன்."

சண்டை வந்து,
ஒருவன் விலாவில் இறங்கி,
பதினோரு தையல் போட்டு,
மூன்று வருடம் வாய்தாவில் கழிந்து,
இதோ நான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
இருந்தாலும் கீழேதான் வைத்தார்.
எடுத்தாள்.
அது அவள் உள்ளங்கையில் போய் உட்கார்ந்ததே,
அதற்கு என்னிடம் விசை இல்லை.

இது என்ன?
"மீன் வெட்டுறது."
அதன் பெயர்?
"மீன் வெட்டுறதுதாங்க."
கத்தி என்று சொல்லலாமா?
"நீங்க சொல்லிக்கோங்க."

கத்தி என்று அடிக்கிறேன்.
மகஜரில் அது ஆயுதம்.
குற்றப்பத்திரிகையில் பயங்கர ஆயுதம்.
"பொருள எடுத்தான்" என்று போன வாய்தாவில்
இரண்டாம் சாட்சி சொன்னபோது
தஞ்சாவூர்க்கார நீதிபதி நிமிர்ந்தார்:
என்ன பொருள்?
பொருள் என்றால் அதுதான் பொருள் ஐயா,
என்றார் பெஞ்ச் கிளார்க்.
மூலக்கொத்தளம் தாண்டினால்
அகராதி அந்தப் பக்கத்தில்தான் திறக்கும்.

எதிரித் தரப்பு வக்கீல் எழுகிறார்.
அறுவைக்குப் பேர்போனவர்; ஜூனியருக்கே தூக்கம் வருகிறது.
சம்பவத்தின்போது நீ என்ன செய்தாய்?
"கத்தினேன்."
கத்தி?
"ஆமா, கத்தி."
கத்தியால் என்ன செய்தாய்?
"அதை யார் சொன்னா?
கத்தி, தொண்டை கட்டி,
ஒருத்தனும் வரலன்றேன்."

விரல்கள் நின்றுவிட்டன.
அதே மூன்றெழுத்து.
ஒன்று மேசையில் கிடக்கிறது.
இன்னொன்று மூன்று வருடம் முன்
கூவம் பக்கம் போனது, திரும்பி வரவில்லை.

வீட்டில் அவளுக்குத் தெலுங்கு.
அங்கேயும் கத்தி கத்திதானாம்.
கன்னடத்திலும், மலையாளத்திலும்.
இத்தனை எல்லை தாண்டியும் முனை மழுங்காத சொல்
எந்த உலையில் காய்ச்சியது என்று
ஒரு மதிய இடைவேளையில் தேடிப் பார்த்தேன்.
பண்டிதர்கள்
ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
தயிர்சாதத்தை முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தடய அறிக்கை வாசிக்கப்படுகிறது:
மனித இரத்தம், ஓ வகை.
"ஒரு மனுசன் ரத்தத்த எழுதிட்டீங்க.
வஞ்சிரம், சொறா, பாறை,
என் கட்டவெரலு,
பதினாலு வருசம்.
அதெல்லாம் எந்தக் காயிதத்துல?"

கேள்விக்கு வெளியே, என்றார் நீதிபதி.
ஆகவே இது பதிவில் இல்லை.
இங்கே இருக்கிறது.

இறங்கும்போது என்னைத்தான் கேட்டாள்,
பக்கத்தில் இருந்தவன் நான் என்பதால்:
"எப்போ திருப்பித் தருவீங்க?"
தீர்ப்பின் கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம்.
எத்தனை வழக்குக்கு அடித்திருக்கிறேன்.
மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின்,
மதிப்பற்றதாகையால்,
சா.பொ. 1 அழிக்கப்பட வேண்டும்.
தெரியாதும்மா, என்றேன்.

ஞாயிறு, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்.
ஐஸ் உருகிச் செருப்பு ஊறுகிறது.
என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
தட்டச்சனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்.
அரைக் கிலோ சங்கரா.
நீலப் பிளாஸ்டிக் பிடி, நல்ல பளபளப்பு.
இடது ஆள்காட்டி விரலில் துணிச்சுற்று.
புதுசா? என்றேன்.
செதில் தெறிக்க, தலை நிமிராமல் சொன்னாள்:
"எங்க, மூணு வருசமாவுது.
இன்னும் கத்தியாவே இருக்குது."

தலை வேணுமா என்று கேட்டாள்.
போடுங்கள் என்றேன்.